எர்ல் ஹைன்ஸ்: அறுபதுக்குப் பின் தனி வாசிப்பு

அமெரிக்காவிலே பிறந்து உலகெங்கும் பரவிய ஜாஸ் என்னும் இசையைப் பற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக உண்டு. குடியும் கூத்தும் மலிந்த நடனசாலைகளில் எழும் இரைச்சலே அது என்பது ஒன்று; வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்கு என்பது மற்றொன்று. முன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பின்னதில் உண்மை மிகக் குறைவு. கப்பலேற்றி விற்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர், தம்முடைய பாட்டையும் எஜமானர் வீட்டு வாத்தியங்களையும் ஒன்றாக்கிச் செய்த இசை அது. அதை வாசித்தவர்களில் மிகப் பலர் நாட்கூலியும் வாரக்கூலியும் பெற்றுப் பிழைத்தவர்கள். யாரோ ஒருவருடைய விடுதியில், யாரோ ஒருவர் குறித்த நேரத்தில், யாரோ ஆடுவதற்காக அவர்கள் வாசித்தார்கள்.

அவ்வாறு நாற்பது ஆண்டு வாசித்து, காலம் முடிந்தவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், அறுபது வயதுக்கு மேல் துணை ஒருவருமின்றிப் பியானோவின் முன் அமர்ந்து, எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை இசைத்தட்டுகளில் பதிந்தார். அவர் பெயர் எர்ல் ஹைன்ஸ். அந்தப் பதிவுகள் எவ்வாறு உண்டாயின, அவை ஏன் அவ்வளவு தாமதித்து வந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஹைன்ஸ் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, பென்சில்வேனியா மாகாணத்தில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகேயுள்ள டுக்கேன் என்னும் ஊரிற் பிறந்தார். பெரிய உருக்காலை நின்ற ஊர் அது. தந்தையார் நிலக்கரி இறக்கும் துறையிலே மேஸ்திரி. வேலை நேரம் போக, கார்னெட் என்னும் ஊதுவாத்தியத்தை வாசித்துப் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்றையும் நடத்திவந்தார். மூன்று வயதிலே தாயை இழந்த பிள்ளையை வளர்த்த சிற்றன்னை ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவர். பிள்ளைக்குத் தகப்பனைப் போலக் கார்னெட் பழகவேண்டும் என்று ஆசை. ஆனால் ஊதினால் காதுகளின் பின்புறம் வலித்தது. பியானோ வாசித்தால் வலிக்கவில்லை. ஆகவே பியானோவுக்கு வந்தான். மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை முறையாகக் கற்று, பதினோரு வயதுக்குள் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அளவுக்குத் தேறினான்.

கார்னெட்டின்மேல் இருந்த ஆசை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பதினேழாம் வயதில் லோயிஸ் டெப்பே என்னும் பாடகருக்குத் துணையாகப் பிட்ஸ்பர்க்கில் லீடர்ஹவுஸ் என்ற விடுதியில் வேலைக்கு அமர்ந்தார். வாரத்துக்கு 15 டாலர் சம்பளம். தினம் இரண்டு வேளைச் சாப்பாடு. அக்காலத்து விடுதிகளிலே பியானோக்காரரின் முன் ஒலிபெருக்கி கிடையாது. முரசும் எக்காளமும் முழங்கும்போது பியானோவின் குரல் எடுபடாது. ஹைன்ஸ் இதற்கு ஓர் உபாயம் கண்டார். வலக்கையால் ஒற்றைச் சுவரத்தைத் தொடாமல், அதே சுவரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒருங்கே அழுத்தினார். நீண்டு நிற்கவேண்டிய இடத்தில் அவ்விரண்டையும் மாறி மாறி விரைந்து அதிரவைத்தார். எக்காளம் ஊதுபவன் மூச்சால் உண்டாக்கும் நடுக்கம் விரல்களில் வந்துவிட்டது. பின்னாளில் இசை நூலார் இதை ‘எக்காளப் பாணி’ என்று பெயரிட்டுப் புகழ்ந்தார்கள். அது பிறந்தது சத்தம் மிகுந்த இடத்திலே தன் வேலை பிறர் காதில் விழவேண்டும் என்ற தேவையினால்தான்.

1925ஆம் ஆண்டு சிகாகோவுக்குப் போனார். அந்நகரத்து இசைத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது; ஆனால் ஒன்றன்று, இரண்டு இருந்தன. வெள்ளையருக்குப் பத்தாம் எண் கிளை. கறுப்பருக்கு 208ஆம் எண் கிளை. ஒரே தொழில், ஒரே நகரம், ஒரே தாய்ச் சங்கம். தோலின் நிறத்தால் இரண்டு கதவு. 1966 வரையில் அந்த ஏற்பாடு நீடித்தது. 208ஆம் கிளையின் மண்டபத்திலேதான் ஹைன்ஸ், லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கைச் சந்தித்தார். எக்காளத்தில் ஈடிணையற்றவர் ஆர்ம்ஸ்ட்ராங். எக்காளத்தைப் பியானோவில் ஊதியவர் ஹைன்ஸ். இருவரும் சேர்ந்து 1928இல் பதிந்த தட்டுகள் ஜாஸ் சரித்திரத்தின் முதல் வரிசையில் இன்றும் வைத்து எண்ணப்படுகின்றன. ஜூன் 28ஆம் தேதி ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’. டிசம்பர் 5ஆம் தேதி, வேறு யாரும் உடனின்றி இருவர் மட்டுமே வாசித்த ‘வெதர் பேர்ட்’.

அந்த டிசம்பர் மாதம் அவர் வாழ்க்கையில் விசேஷமானது. ஆர்ம்ஸ்ட்ராங்குடன் வாசித்த சில நாட்களுக்குள் நியூயார்க் சென்று, கியூ.ஆர்.எஸ். கம்பெனிக்காக எட்டுப் பாட்டுகளைத் தனியாகவே வாசித்துப் பதிந்தார். திரும்பி வந்து சிகாகோவில் ஓகே கம்பெனிக்கும் தனி வாசிப்புகள் கொடுத்தார். மாதக் கடைசியில், டிசம்பர் 28ஆம் தேதி, தமது இருபத்தைந்தாம் பிறந்தநாளன்று, கிராண்ட் டெரஸ் என்னும் புதிய விடுதியில் சொந்த வாத்தியக் கோஷ்டியின் தலைவராக மேடையேறினார். தனியே வாசித்த கலைஞரும் கோஷ்டித் தலைவரும் ஒரே மாதத்தில் பிறந்தார்கள். பின்னவர் முன்னவரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மறைத்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

கிராண்ட் டெரஸ் யாருடைய பிடியில் இருந்தது? சிகாகோவின் கள்ளச்சாராயத் தலைவன் அல் கபோனின் பிடியில். இரவுதோறும் மூன்று ஆட்டம், சனிக்கிழமையானால் நான்கு. இப்படிப் பன்னிரண்டு ஆண்டு, 1940 வரையில். அங்கே வேலை செய்தவர்களுக்கு விதிக்கப்பட்ட நடத்தை, மூன்று குரங்குப் பொம்மைகளின் நடத்தைதான் என்று ஹைன்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்: கண்டதைக் காணாதிருக்கவேண்டும், கேட்டதைக் கேளாதிருக்கவேண்டும், வாயைத் திறவாதிருக்கவேண்டும். சம்பளம் ஒழுங்காக வந்தது. கங்காணியின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த தோட்டத்து வாசகர்களுக்கு, ஒழுங்காக வரும் சம்பளமும் கட்டுண்ட வாழ்வும் ஓரிடத்தில் இருக்கக்கூடும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

விடுதிக்கு வெளியிலே வேறு ஆபத்து. 1931இல் கோஷ்டியை அழைத்துக்கொண்டு தென் மாகாணங்களில் சுற்றுப்பயணம் சென்றபோது, அலபாமாவில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த மேடையின் கீழ் வெடிகுண்டு வெடித்தது. ஒருவருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நன்றாக வாசிக்கவுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம் ஹைன்ஸ். அந்தச் சிரிப்பை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 

நன்மையும் இல்லாமற் போகவில்லை. கிராண்ட் டெரஸிலிருந்து வானொலி மூலம் அவருடைய வாசிப்பு தேசமெங்கும் ஒலிபரப்பாயிற்று. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த ஜே மக்‌ஷான் போன்ற இளைஞர்கள் இரவில் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து, ஹைன்ஸ் முடிக்கும் வரையில் கேட்டுப் பாடம் கற்றார்கள். சிகாகோவிலேயே வளர்ந்த நாட் கிங் கோல் முதலில் பியானோக்காரராகத்தான் பெயரெடுத்தார். அவருடைய முன்மாதிரி ஹைன்ஸ். ஆனால் வானொலியில் கேட்டது காற்றோடு போயிற்று. கோஷ்டி பெரிது, எக்காளங்களும் சாக்ஸபோன்களும் முறைவைத்து முழங்கும் நடுவில் தலைவருடைய பியானோவுக்குக் கிடைத்த இடம் சில அடிகளே.

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்க இசைத் தொழிலாளர் சங்கம் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கிற்று. தட்டுகள் பெருகப் பெருக வானொலி நிலையங்களிலும் விடுதிகளிலும் வாத்தியக்காரருக்கு வேலை குறைந்தது. ஆகவே தட்டு விற்ற பணத்தில் தொழிலாளர் நிதிக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. கடைசிக் கம்பெனிகள் 1944 நவம்பரில்தான் இணங்கின. கோரிக்கை நியாயமானது, வெற்றியும் கிட்டியது. எனினும் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. 1943இல் ஹைன்ஸின் கோஷ்டியிலே சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக வாசித்தார்கள். இளம் பாடகியான சாரா வாகன் பாடினார். ஜாஸ் இசையைத் தலைகீழாகப் புரட்டப்போகும் புதுமை அந்தக் கோஷ்டியின் இருக்கைகளில் முளைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோஷ்டி வாசித்ததில் வணிகத் தட்டு ஒன்றேனும் வெளிவரவில்லை. பழைமைக்கும் புதுமைக்கும் நடுவே பாலமாக நின்றவர் ஹைன்ஸ் என்பதற்குச் சாட்சியாக இருக்கவேண்டிய பதிவு இல்லாமையால், பிற்காலத்தார் அவரைப் பழைமையின் பக்கத்திலேயே தள்ளி வைத்தார்கள்.

1947இல் கோஷ்டி கலைந்தது. பெரிய கோஷ்டிகளுக்குச் சம்பளம் கொடுக்க எவராலும் முடியாத காலம் வந்துவிட்டது. 1948 முதல் 1951 வரையில் பழைய தோழர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் குழுவிலே சம்பளக்காரராக இருந்தார். இருபது ஆண்டு தலைவராக இருந்தவர் மீண்டும் ஒருவருக்குப் பின்னால் அமர்ந்தார். பிறகு கலிபோர்னியா. 1955 முதல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாங்கோவர் என்னும் விடுதியில் வேலை. அங்கே வந்தவர்கள் கேட்க விரும்பியது நியூ ஆர்லியன்ஸ் பாணியிலே பழங்கால வாசிப்பு. ஹைன்ஸ் அந்தப் பாணியில் வளர்ந்தவர் அல்லர். அதை உடைத்து வெளியேறியவர். வயிற்றுக்காக, தாம் இளமையில் விட்டுவந்ததையே முதுமையில் வாசித்தார். 1960களின் தொடக்கத்தில் ஓக்லந்து நகரில் குடியிருந்துகொண்டு புகையிலைக் கடை வைத்தார். சங்கீதத் தொழிலை விட்டுவிடும் தறுவாய்க்கு வந்துவிட்டார்.

நிற்க. ஸ்டான்லி டான்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய இசை எழுத்தாளர். ஹைன்ஸை மறவாத சிலரில் ஒருவர். நியூயார்க்குக்கு வந்து கச்சேரி செய்யும்படி அவர் வற்புறுத்தினார். ஹைன்ஸ் எளிதில் இசையவில்லை. கோஷ்டிப் பியானோக்காரனுக்குக் கச்சேரி எதற்கு என்பது அவர் எண்ணம். கடைசியில் 1964 மார்ச்சு மாதம் ‘லிட்டில் தியேட்டர்’ என்னும் சிறிய நாடக அரங்கில் மூன்று கச்சேரிகள் நடந்தன. சில உருப்படிகளுக்குத் துணை வாத்தியங்கள் இருந்தன. ஆயினும் சபை கேட்க வந்தது அவரை. ஆடுவோர் இல்லை, குடிப்போர் இல்லை. எல்லாரும் நாற்காலியில் அமர்ந்து பியானோவை மட்டுமே கேட்கும் கச்சேரி, தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலான அந்த மனிதருக்கு அதுவே முதல். மறுநாட் பத்திரிகைகள் வியந்து எழுதின. 1965இல் ‘டவுன் பீட்’ என்னும் ஜாஸ் பத்திரிகையின் விமர்சகர்கள் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தனர். அடுத்த ஆண்டு உலகத்து ஜாஸ் பியானோக்காரர்களில் முதல்வர் என்று தேர்ந்தெடுத்தனர்.

அதே 1966இல் அமெரிக்க அரசாங்கம் அவரைச் சோவியத் நாட்டுக்கு அனுப்பிற்று. ஆறு வாரம், 35 கச்சேரிகள். கீவ் நகரின் விளையாட்டு மாளிகையில் பதினாயிரம் இருக்கைகளும் நிறைந்தன. இதைக் கண்டு கலங்கிய அதிகாரிகள் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் நடக்கவிருந்த கச்சேரிகளை ரத்துச் செய்தனர். ஒரு தேசத்தில் அவர் வாசித்த மேடையின் கீழ் குண்டு. மற்றொரு தேசத்தில் மேடையே இல்லை.

இனி அந்தத் தனித்தட்டுகளைக் கவனிப்போம். அவற்றில் அவர் வாசித்தவை பெரும்பாலும் ‘ஸ்டாண்டர்டு’ எனப்படும் பாட்டுகள். ஜாஸ் உலகில் இச்சொல்லுக்கு, எல்லாக் கலைஞரும் அறிந்து, பலமுறை எடுத்து வாசித்து, பொதுச்சொத்துப் போலாகிவிட்ட பாட்டு என்று பொருள். அவற்றிற் பல நியூயார்க் நாடக மேடைகளுக்காகவும் சினிமாவுக்காகவும் 1920, 1930களில் எழுதப்பட்டவை. எழுதியவர்களிற் பலர் ஐரோப்பாவிலே துன்புற்றுக் கப்பலேறி வந்த யூதர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். இர்விங் பெர்லினை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய சாம்ராஜ்யத்தில் 1888இல் பிறந்து, ஐந்து வயதில் நியூயார்க்கின் ஏழைச் சேரிக்கு வந்தவர். சுவரக் குறிப்பு எழுதத் தெரியாது. பியானோவிலும் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளின்மீது விரல் ஓடும் ஒரே சுருதியில்தான் வாசிப்பார். அத்தகையவர் 1932இல் செய்த ‘சே இட் இஸ்ன்ட் ஸோ’ என்ற பாட்டை, அடிமை வழிவந்த உருக்காலை ஊர்க்காரர் நாற்பது ஆண்டு கழித்து எடுத்து வாசித்தார். அமெரிக்க நாகரிகம் என்று மேலோர் பெருமை பேசுவதிலே கடைக்கோடியில் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டுமோ?

இப்பாட்டுகளின் அமைப்பு எளியது. பெரும்பாலும் முப்பத்திரண்டு தாள அளவு. முதலில் ஒரு மெட்டு. அதே மெட்டு மறுபடி. நடுவே வேறு மெட்டு. கடைசியில் முதல் மெட்டு. ஜாஸ் கலைஞன் முதலில் மெட்டை வாசித்துக் காட்டுவான். பிறகு அதன் அடியிலுள்ள சுவரக் கூட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே தன் கற்பனையைச் செலுத்துவான். கோஷ்டியிலே வாசிக்கும்போது தாளத்தை முரசுக்காரரும் அடிச்சுவரத்தைப் பெரிய பிடில்காரரும் பார்த்துக்கொள்வார்கள். தனியாக வாசிப்பவனுக்கு அந்த உதவி கிடையாது. ஒத்தும் தவிலும் இல்லாமல் ஒரே நாயனக்காரர் மூன்றையும் தாமே செய்வது போன்ற வேலை அது.

பழைய பியானோக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இடக்கை கடிகாரம் போல நடக்கும்: கீழே ஒரு கனத்த சுவரம், மேலே ஒரு சுவரக்கூட்டு, மறுபடி கீழே, மறுபடி மேலே. வலக்கை அதன்மேல் விளையாடும். ஹைன்ஸ் இந்த நடையைக் கற்றவர். ஆனால் அதைக் காப்பாற்றுபவர் அல்லர். ஒழுங்காக நடந்துவரும் இடக்கை திடீரென்று நின்றுவிடும். அல்லது வலக்கையோடு ஓடும். அல்லது அதற்கு எதிர்த்திசையில் வேறு கணக்கில் இறங்கும். சில கணம் தாளம் எங்கே என்று கேட்பவருக்குத் தெரியாது. வழி தவறிவிட்டார் என்றே தோன்றும். தோன்றிய அந்த நொடியில் இரண்டு கைகளும் சரியான அடியில் வந்து விழும். கோயில் திருவிழாவில் தவில்காரர் கணக்குக் கட்டிச் சமத்துக்கு வந்து சேரும்போது கூட்டம் ‘ஆகா’ என்கிறதே, அந்தச் சுகத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு வித்தியாசம்: தவில்காரரின் தாளத்தை மற்றொருவர் கையில் போட்டுக் காட்டுகிறார். ஹைன்ஸ் அதை மனத்திலே மட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஆபத்தில் விட்டார்.

இதைக் கோஷ்டியிலே செய்ய இயலாது. தலைவர் தாளத்தை மறைத்தால் பின்னால் இருக்கும் பன்னிரண்டு பேரும் தடுமாறுவார்கள். கொண்டுவருவதற்கு யாரும் இல்லாதபோதுதான் ஒருவன் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவருடைய மிகத் துணிவான வாசிப்புகள் தனித்தட்டுகளில் இருப்பதன் காரணம் இதுவே. இன்னொரு காரணம் இயந்திரத்தைச் சார்ந்தது. 1928இல் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் ஓடும். எண்ணம் விரியத் தொடங்குமுன் முடித்துவிடவேண்டும். 1948இல் வந்த நீண்ட நேரத் தட்டோ ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் தந்தது. ஹைன்ஸுக்கு ஓய்வும் வந்தது, தட்டும் நீண்டது, கேட்பாரும் வந்தார்கள். மூன்றும் ஒன்றுகூடியபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

1972இல் பதிந்து ‘டூர் டி ஃபோர்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த தட்டை இவற்றில் முன்னதாக வைக்கலாம். மேற்சொன்ன பெர்லினுடைய பாட்டு அதில் இருக்கிறது. பெர்லின் நகரத்து நாடகத்துக்காக 1928இல் கர்ட் வைல் இசையமைத்த ‘மாக் தி நைஃப்’ என்ற கத்திக்காரன் பாட்டும் இருக்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்த மெட்டு அது. பத்துக்கடைகளின் முன் நின்றால் எட்டுக் கடைகளில் ஒலித்த மெட்டு. ஹைன்ஸ் அதை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் உடை மாற்றிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் மெதுவாய், ஓரிடத்தில் கொட்டுமழையாய், ஓரிடத்தில் மெட்டின் நிழல் மட்டும் தெரியும்படியாய். 1971 முதல் 1975 வரையில் டியூக் எல்லிங்டனின் பாட்டுகளைத் தனியாக வாசித்துப் பல தட்டுகள் தந்தார். கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஹோகி கார்மைக்கேல் ஆகியோர் பாட்டுகளுக்கும் தனித்தனியே தட்டுகள் உண்டு. எழுபதாம் வயதில், 1974 என்ற ஓராண்டில் மட்டும் பதினாறு தட்டுகள் பதிந்தார்.

பதினாறும் மாணிக்கம் என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் புன்னகையோடு சபையை மயக்கிப் பழகியவர். அந்தப் பழக்கம் சில தட்டுகளிலும் தொற்றிக்கொண்டது. கைத்தட்டலுக்காக ஒரு நீண்ட அதிர்வை இழுத்துக்கொண்டே போகும் இடங்கள் உண்டு. துக்கமான பாட்டைக் கூடச் சிரிக்கவைத்துவிடுவார் என்ற குறையையும் ஒப்புக்கொள்கிறேன். இவருக்கு முன்பே, 1953 டிசம்பரில், கண்பார்வை மிகக் குன்றிய ஆர்ட் டேட்டம் என்னும் பெரும் பியானோக்காரர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இரண்டே நாளில் அறுபதுக்கு மேற்பட்ட பாட்டுகளைத் தனியாக வாசித்துப் பதிந்தார், 1956இல் இறந்துபோனார். விரல் நேர்த்தியிலே டேட்டத்துக்கு நிகர் இல்லை என்பது பொது அபிப்பிராயம். ஹைன்ஸும் நிகர் அல்லர். டேட்டம் பாட்டுக்கு நகை பூட்டுகிறார். ஒரு கல்லும் இடம் தவறாது. ஹைன்ஸ் பாட்டைக் கழற்றிப்போட்டு மறுபடி கூட்டுகிறார். சில சமயம் ஒரு திருகாணி மிஞ்சிப்போகிறது. எனக்கு இரண்டாவது வேலையைக் கேட்பதில் ஆவல் அதிகம்.

இங்கே சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டைச் சாதாரண வானொலி நிலையம் ஒலிபரப்பினால், பாட்டை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் பணம் சேரும். வாசித்தவருக்கு ஒரு காசும் இல்லை. முப்பத்திரண்டு அளவு மெட்டை எழுதியவர் உடைமைக்காரர். அதை ஆறு நிமிஷத்துக்கு விரித்து, எழுதியவரே அறிந்திராத பொருளை அதிலிருந்து எடுத்தவர் கூலிக்காரர். எழுதியவருக்குப் பணம் போகக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பெர்லினைப் போன்ற ஏழைப்பிள்ளைகள் மேலேறியது அந்தச் சட்டத்தால்தான். ஆனால் காகிதத்தில் எழுதிய இசையை மட்டுமே சொத்தாக மதித்து, விரலில் பிறக்கும் இசையைச் சொத்தென்று ஏற்காத ஒரு சட்டம், யாருடைய இசை காகிதத்திலும் யாருடைய இசை விரலிலும் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் நியாயமாய்த் தோன்றாது. ஹைன்ஸும் சில பாட்டுகள் எழுதியவர்தாம். ‘ரோசெட்டா’ அவற்றுள் பேர்பெற்றது. ஆயினும் அவர் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி காகிதத்துக்கு வெளியே நடந்தது.

தம் சொந்தப் பாட்டுகளுக்கும் அவர் திரும்பிச் சென்றார். 1928 டிசம்பரில் கியூ.ஆர்.எஸ். கம்பெனிக்காக வாசித்தாரே எட்டுப் பாட்டுகள், அந்த எட்டையும் 1970இல் மறுபடி தனியாக வாசித்துப் பதிந்தார். இடையில் நாற்பத்திரண்டு ஆண்டு. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு இன்று எவருக்கும் கைபேசியிலேயே உண்டு, கேட்கும்படி வேண்டுகிறேன். இளைஞர் வேகமாகப் போகிறார், மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமே என்ற அவசரம் விரலில் இருக்கிறது. அறுபத்தாறு வயதுக்காரர் தாம் எழுதிய மெட்டையே அந்நியருடைய மெட்டைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இளையவர் செய்த ஒரு தந்திரத்தை நினைவிலிருந்து அப்படியே செய்யப்போகிறார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், அதைச் செய்யாமல் விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார். தம்மைத் தாமே பார்த்துப் படியெடுக்க அவருக்கு மனமில்லை.

சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகையாசிரியர் ஸ்காட் நியூஹால் 1969இல் அவருக்குப் பழைய பியானோ ஒன்றைக் கொடுத்தார். 1904இல் ஸ்டைன்வே கம்பெனி செய்தது. பன்னிரண்டு கால்கள் கொண்டது. ஓக்லந்து வீட்டில் நின்ற அந்தப் பியானோவிலும் தனித்தட்டுகளிற் சில பதிவாயின. ஹைன்ஸ் கடைசிவரை வாசித்துக்கொண்டேயிருந்தார். 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு வந்த சில நாட்களில், 22ஆம் தேதி, ஓக்லந்தில் காலமானார். வயது 79. அதன்பின் அந்தப் பன்னிரண்டு கால் பியானோ ஏலம் விடப்பட்டது. கிடைத்த பணம், இசையில் திறமையுள்ள ஏழை மாணவர்களின் படிப்புக்குப் போயிற்று.